ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்

எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதில் ஷெட் இருப்பது மட்டும் சத்தியம். ஸ்போர்ட்ஸ் கார் என்பது தூரத்து உறவைச் சொல்லி உரிமை கொண்டாடுவது. புதுப்பிக்கிறேன் என்பது பச்சைப் பொய்.

உறவுமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ஆம் வருஷத்து வண்டி, இரண்டு கதவு, நம்ம சென்னைத் தயாரிப்பு. இதற்கு மூலம் இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து 1959-இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. அந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, மேலே தாழ்வாக ஒரு பாடியைப் பூட்டி, 1962-இல் அதே கம்பெனி விட்டதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே பேர் உட்காரலாம், தலைக்கு மேல் வானம், பார்த்தவுடன் பைத்தியம் பிடிக்கிற அழகு. 1980 வரைக்கும் செய்து விற்றார்கள். இரண்டு கார்களையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. ஆகவே என் ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பதை எந்தக் கோர்ட்டிலும் நிரூபிப்பேன். என்ன, தம்பிக்கு 1147 சி.சி., 63 குதிரைத்திறன். அண்ணனுக்கு 948 சி.சி., 34.5 குதிரைத்திறன். அண்ணன் கொஞ்சம் சோனி.

இவ்வளவு கேட்டதும் உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். இந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, கழற்றியதைத் திரும்ப மாட்டுவதைத் தவிர. "ஏங்க, எப்பதான் இது ஓடும்?" என்று வீட்டில் கேட்டால் மிக்கெலோட்டியில் ஆரம்பிப்பேன். அவர் எந்த ஊர்க்காரர், வேறு என்னென்ன கார் வரைந்தார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுப்பங்கரைக்குப் போயிருப்பார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க இத்தாலியைவிட நல்ல ஊர் கிடையாது.

கார் பெரியப்பாவுடையது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார் ஓடிய காலத்து மனிதர். அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய், ஹெரால்டு மட்டும்தான் நம்ம ஊர், பெருங்களத்தூர் பக்கம் தயாராவது என்பதில் அவருக்கு ஒரு கர்வம். ஸ்டாண்டர்டு கம்பெனி அங்கே முதலில் வேன்கார்டு செய்தது, 1961-இலிருந்து ஹெரால்டு, பிறகு கெஸல், 80-களில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார். அது எடுபடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலை மூடிக்கொண்டது. இன்றைக்கு அந்த ஜி.எஸ்.டி. ரோட்டு இடத்தில் அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் நிற்கின்றன. பெரியப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காரின் வேகத்தைக் குறைப்பார். இறந்த வீட்டைக் கடக்கிற மரியாதை.

சின்ன வயதில் என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷாவருஷம் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வரும்வரை தென்னிந்தியாவின் கார்ப் பைத்தியங்கள் அத்தனை பேரும் அந்த வெயிலில்தான் கருகினார்கள். ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன. "பார்த்தியா, நம்ம வண்டி" என்பார். அன்று தலைக்குள் புகுந்த புகைதான் இன்னும் வெளியேறவில்லை.

பெரியப்பா காலமானதும், அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், "நீயே எடுத்துக்கோடா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் குரோம்பேட்டை வீட்டில் ஸ்கூட்டர் நின்ற இடத்தை இழந்தேன்.

கழற்றுவது சுகம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. கழற்றுவதற்கு அறிவு வேண்டாம், ஆத்திரம் போதும். அதிலும் ஹெரால்டு இந்த வேலைக்கென்றே பிறந்தது. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டு; பின்னாலிருந்து தூக்கினால் முதலை வாயைத் திறந்த மாதிரி முழு முகமும் முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டீரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கண் முன்னால். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கொஞ்சலாம். நான் நிறையக் கொஞ்சினேன். அப்படி உட்கார்ந்து டீ குடித்த நேரத்தையும் என் மனைவி வேலை நேரத்தில் சேர்த்துவிட்டார். இது என் கணக்குக்கு வசதியாகத்தான் இருந்தது.

முதல் தப்பு ஸ்பேனர். இந்தக் காரில் இருப்பது அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலையுள்ள போல்ட் 12.7 மில்லிமீட்டர். வீட்டில் இருந்தது 13 நம்பர் ஸ்பேனர். 0.3 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது? துருப்பிடிக்காத போல்ட் என்றால் ஒன்றும் வராது. அரை நூற்றாண்டு கடற்காற்று குடித்த போல்ட்டில், ஸ்பேனர் ஒரு சுற்று வழுக்கினால் ஆறு மூலையும் மழுங்கி மாத்திரை மாதிரி ஆகிவிடும். அப்புறம் உளி, சுத்தியல், வெல்டிங் மிஷின், கடைசியில் லேத் பட்டறை. அங்குல ஸ்பேனர் செட் தனியாக வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பற்றி ஒரு நண்பனுக்கு விரிவாக வாட்ஸ்அப்பில் விளக்கியும் இருக்கிறேன்.

கழற்றிய ஒவ்வொன்றையும் பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். நல்ல பழக்கம். ஆனால் ஒட்டியது மைதாப் பசையால். கரப்பான்பூச்சிகள் சீட்டை விட்டுவைக்கவில்லை. அதனால் என்ன, போட்டோ எடுத்திருக்கிறோமே என்று போனைத் திறந்தேன். ஒவ்வொரு படத்திலும் நான் ஸ்பேனரோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன். கழற்றிய பாகம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இதற்கு நடுவில்தான் எனக்குக் கூரை ஞானம் பிறந்தது. ஹெரால்டின் கூரை வெல்டிங் வைத்ததில்லை, போல்ட்டால் பூட்டியது. ஒரே அடிப்பாகத்தின் மேல் சாதாரணக் கூரையைப் பூட்டினால் சலூன், துணிக்கூரை போட்டால் கன்வர்ட்டிபிள் என்று கவென்ட்ரியில் விதவிதமாக விற்றார்கள். சரி, கூரையைக் கழற்றிவிட்டால் அண்ணன் தம்பிக்குச் சமம். ஸ்பிட்ஃபயராகவே ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரைப் பிடித்துக் கூரையைத் தூக்கி மொட்டை மாடியில் வைத்தேன். கீழே வந்து பார்த்தால் கார் ஜோராக இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மகளிடம் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். இந்த ஒரு படத்தில் கார் முழுசாகத் தெரிகிறது.

அது அக்டோபர். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டின் தகரம் எங்கெங்கே ஒழுகும் என்பது வடகிழக்குப் பருவமழைக்குத்தான் தெரியும். ஒழுகிய இடத்தில் எல்லாம் என் கார் இருந்தது. சீட்டுகள் தண்ணீர் குடித்துப் பருத்தன. தரைத்தகடு, கழற்றும்போது நன்றாக இருந்தது, பொங்கலுக்குள் சல்லடை ஆயிற்று. கூரை மட்டும் மாடியில் பத்திரமாக இருந்தது. மழை விட்டதும் அம்மா அதைப் பார்த்துவிட்டார். லேசாக வளைந்த, வெயிலில் கொதிக்கிற, காக்கா உட்கார வழுக்குகிற இரும்புத் தகடு. அந்தக் கோடையில் எங்கள் வீட்டு வடகம் மிக்கெலோட்டி வரைந்த வளைவில்தான் காய்ந்தது. "வருஷா வருஷம் இதுலயே போடலாம்டா, அந்தக் கார்ல வேற ஏதாவது தகரம் வெச்சுக்கோ" என்றார்.

வேறு தகரம் வைக்க முடியாமல் போனதற்குக் காரணம் அரசாங்கம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், புதுப் பதிவென்றால் நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். எல்லாம் சரி. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். சலூனாகப் பிறந்தது சலூனாகவே வர வேண்டும். அம்மாவிடம் போய்க் கூரையைக் கேட்டேன். அந்த வருஷத்து வடகம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கொடுத்தார்.

இனி கதவு. இதைச் சொல்லக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஹெரால்டு வந்த காலத்தில் மற்ற கார்களெல்லாம் சேசிஸ் தனி, பாடி தனி என்பதை விட்டுவிட்டு, முழுக்கூடாக ஒரே பாடியாக மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் மட்டும் பழைய வழிக்கே திரும்பியது. காரணம் சுவாரஸ்யமானது. அவர்களுக்குப் பாடி அடித்துக்கொடுத்த கம்பெனியை 1953-இல் போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிவிட்டது. பாடிக்கு ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் சின்னச் சின்ன இடங்களில் அடிக்கவைத்து, சேசிஸின் மேல் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். இப்படிச் செய்ததில் இன்னொரு வசதி, பாகங்களைப் பெட்டியில் அனுப்பினால் வெளிநாட்டிலும் பூட்டிக்கொள்ளலாம். மெட்ராஸில் அப்படித்தான் தொடங்கியது. எங்கோ கடல் கடந்த ஊரில் இருப்பவர்களே பூட்டும் அளவுக்கு எளிது என்று நான் அதைப் படித்துக்கொண்டேன். அந்த ஊர்க்காரர்கள் தொழில் கற்ற தொழிலாளிகள் என்பதை நான் படித்த புத்தகம் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பாடியின் முன்பாதியும் பின்பாதியும் கதவுக்குக் கீழேதான் சந்திக்கின்றன. பிரிப்பதற்கு முன்னால், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தை வெல்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது பழைய இடைவெளி வராது. நான் வைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் போல்ட்டுக்குப் போல்ட்டு மெல்லிய தகடுகள் இருந்தன. ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று, ஒரு மூலையில் எதுவுமே இல்லை. துருப்பிடித்த குப்பை என்று எல்லாவற்றையும் அள்ளிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். பேரீச்சம்பழக் காலமாக இருந்தால் பழமாவது மிஞ்சியிருக்கும்.

சேர்த்துப் பூட்டிய பிறகு இடது கதவைச் சாத்தினேன். சாத்தவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்தேன். சாத்தியது, திறக்கவில்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பிடித்து உள்ளேயிருந்து இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

புதுப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு டிங்கர் பெரியவரைக் கூட்டிவந்தேன். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. கதவின் இடைவெளியில் சுண்டுவிரலை விட்டு, மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். முன்பக்கம் விரல் போயிற்று. பின்பக்கம் நகம்கூடப் போகவில்லை. கதவைத் திறந்து, விரல் நுனியால் லேசாகத் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். இன்னொரு தடவை. பூட்டு நாக்கு எந்த இடத்தில் உரசுகிறது என்று அந்தச் சத்தத்தில் அவருக்குத் தெரிகிறது. எனக்கு 'டக்' என்று மட்டும் கேட்டது.

"பேக்கிங் எங்க சார்?"

"எந்த பேக்கிங்?"

அவர் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் பல பேர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் இவ்வளவு கரிசனத்தோடு பார்த்ததில்லை.

"கம்பெனில அவங்க கதவப் பாத்துப் பாத்து வெச்ச தகடு சார் அது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி. உங்க வண்டியோடது உங்க வண்டிலதான் இருந்துச்சு."

பெருங்களத்தூரில் 1966-இல் யாரோ ஒருவர், இதே போலச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, இந்த மூலைக்கு மூன்று, அந்த மூலைக்கு ஒன்று என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் நான் கிலோக் கணக்கில் விற்றேன். பெரியவர் தகரத்தை வெட்டி வெட்டிச் சொருகி, போல்ட்டைத் தளர்த்தி முறுக்கி, வலது கதவை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். இடது கதவு பாதி வழிக்கு வந்தது. "சேசிஸ் கை வளஞ்சிருக்கு சார். ஜாக்கி எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். ஜாக்கியை எங்கே வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறதோ அங்கே வைத்திருந்தேன். அவரிடம் 1953-ஆம் வருஷத்து பி.எம்.சி. கதையை ஆரம்பித்துப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

எங்கள் மெக்கானிக் பாயிடம் எனக்கு வேறு வகையான உறவு. நான் பேசுவேன், அவர் வேலை செய்வார். ஒரே ஒரு தடவை நான் ஜெயித்தேன். முழுசாக இல்லை, கேளுங்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. தண்டின் கீழ் முனையில் மரை இருக்கும்; அந்த மரை வெண்கலத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரையில் திரும்புகிறது. இதற்குள் விட வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். கிரீஸ் அடித்தால் நாளாவட்டத்தில் இறுகி வழியை அடைத்துவிடும், தண்ணீர் புகுந்து மரை துருப்பிடிக்கும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு உலகம் முழுக்க இது வேதவாக்கு. ஆனால் அங்கே இருப்பது கிரீஸ் நிப்பிள் மாதிரியே ஒரு துளை. பார்க்கிற எந்த மெக்கானிக்கும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்.

பாய் எடுத்தார். நான் பாய்ந்தேன்.

"பாய், அதுக்கு ஆயில்தான் விடணும்."

"நாப்பது வருஷமா கிரீஸ்தான் சார் அடிக்கிறேன்."

"மேனுவல்ல போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும். ஆயில் விட்டா ஒழுகும். வூட்டுத் தரையெல்லாம் எண்ணெய் ஆச்சுன்னு கஸ்டமர் வந்து என்னைத்தான் கேப்பான்."

மேனுவலைக் கொண்டுவந்து, பக்கத்தைத் திறந்து, படத்தைக் காட்டினேன். பாய் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். நல்ல மனிதர்; ஒப்புக்கொண்டார். "சரிதான் சார். நீங்க சொல்றதுதான் கரெக்டு. அப்ப நீங்களே மாட்டிடுங்க" என்று எழுந்து டீக்கடைக்குப் போனார்.

வெற்றிக் களிப்பில் உட்கார்ந்தேன். ட்ரனியனை எடுத்துத் தண்டில் வைத்துத் திருகினேன். பிடிக்கவில்லை. வேறு கோணத்தில் திருகினேன். அரைச் சுற்று போய் நின்றது. மரை தேய்ந்திருக்கும் என்று பலம் கொடுத்தேன். இங்கிலாந்திலிருந்து, தபால் செலவும் சுங்க வரியும் கட்டி வரவழைத்த வெண்கலம். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு என் பர்ஸும் சேர்ந்து கிழிந்தது. பாய் டீ குடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இந்தப் பக்கத்ததை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். வழவழவென்று இறங்கியது. ஒரு பக்கத்துக்கு வல மரை, மறுபக்கத்துக்கு இட மரை.

"இது மேனுவல்ல போடலையா சார்?"

போட்டிருந்தது. நான் அவருக்குக் காட்டிய படத்துக்குக் கீழேயே போட்டிருந்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கிரீஸ் கன்னுக்குள் ஆயிலை ஊற்றி அழுத்தினேன். அது ட்ரனியனைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது, சட்டைப் பை உட்பட.

மின்சார விஷயத்தை நீட்டாமல் சொல்கிறேன். என் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்தது. இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. வருகிற போகிற எல்லோரிடமும் இதைப் பெருமையாகச் சொல்வேன். ஷெட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன். புதிதாக வாங்கிய யு.எஸ்.பி. பாட்டுப்பெட்டியிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். அதைப் பூட்டி சுவிட்சைத் தட்டியதும் பாட்டுக்குப் பதில் புகை வந்தது.

எஞ்சின் ஓடியது. இது நிஜம், சாட்சிகள் உண்டு. 1-3-4-2 என்பது இந்த எஞ்சின் தீப்பிடிக்கும் வரிசை, எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை மட்டும் விழித்திருக்கும்போது பார்க்கவில்லை. கடிகாரம் சுற்றுகிற பக்கமாக வயர்களைச் சொருகினேன். அது எதிர்ப்பக்கம் சுற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டர். இதில் ஒரு விசேஷம், தப்பாகச் சொருகினாலும் ஒன்றும் நான்கும் சரியான இடத்தில் வந்துவிடும், இரண்டும் மூன்றும்தான் இடம் மாறும். ஆக எஞ்சினின் பாதி என்னை நம்பியது. சைலன்சர் வெடித்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று எதிர்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்.

பெயிண்ட் அடித்ததைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. பட்டி போட்டு, எமரி பேப்பர் தேய்த்து, அசல் வெளிர் நீலத்தைத் தேடிக் கலந்து, ஷெட்டைத் துணியால் மூடி அடித்துக் கொடுத்தவர் பாயின் மச்சான். அருமையான வேலை. அது காய்ந்த மறுநாள் நான் பிரேக் ஆயில் பாட்டிலை பானெட் மேல் வைத்தேன். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துணியால் தேய்க்கக்கூடாது. நான் பதறிப்போய் லுங்கியால் தேய்த்தேன். கைக்குட்டை அளவில் சிந்தியது லுங்கி அளவுக்குப் பரவியது. பாயின் மச்சான் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இனிமே நீங்க பேப்பர் படிங்க" என்றார். அவர் சொன்னதை நான் அறிவுரையாக எடுத்துக்கொண்டேன், அவர் அப்படிச் சொல்லவில்லை என்று மனைவி சொல்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காலம்தான் அதிகம். அதற்கும் என்னிடம் ஒரு வரலாறு இருந்தது. ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரியே அப்படித்தான் கிடந்தது. 1960-இல் செய்து முடித்ததும் கம்பெனியிடம் பணம் இல்லை. தொழிற்சாலையின் ஒரு மூலையில் போர்த்தி ஒதுக்கிவிட்டார்கள். 1961-இல் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபை வாங்கியது. புது முதலாளிகள் சுற்றிப் பார்க்க வந்தபோது போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள், அசந்துபோனார்கள், தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள். "போர்த்திக் கிடக்கிறதையெல்லாம் குப்பைன்னு நினைக்கக்கூடாது" என்று மனைவியிடம் சொன்னேன். "சரி, நம்ம வீட்டை யார் வாங்க வராங்க?" என்று கேட்டார். ஸ்பிட்ஃபயர் வரலாற்றில் இதற்குப் பதில் இல்லை.

கடைசியில் ஓட்டினேன். மகள் பக்கத்து சீட்டில். கிளம்பியதும் பின்சக்கரத்தைப் பற்றி எச்சரித்தேன். ஹெரால்டின் பின் அச்சு ஊசலாடும் வகை. வேகமாக வளைவில் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உள்பக்கமாக மடியும், வண்டி சுழன்றுவிடும், தம்பி ஸ்பிட்ஃபயருக்கும் இதே வியாதி என்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்த நேரம் எங்களை ஒரு சைக்கிள் முந்திப் போனது. தண்ணீர் கேன் சைக்கிள்.

தெருக்கோடியில் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஹெரால்டு திரும்ப 25 அடி போதும். முன்சக்கரம் அவ்வளவு தூரம் மடங்கும். அந்தக் காலத்தில் விளம்பரமே அதுதான். ரிவர்ஸ் போடாமல் ஒரே மூச்சில் வலது பக்கம் யூ-டர்ன் அடித்தேன். கார் வட்டம் போட்டது, அழகாக, நான் சொன்னபடியே. இந்தக் கார் விஷயத்தில் நான் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான். நடக்கும்போது இடது கதவு திறந்துகொண்டது. திறந்தது இரண்டு விரல் அகலம்தான். மகள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைத் துப்பட்டாவால் சீட்டோடு கட்டி வைத்திருந்தாள். "உங்கமேல நம்பிக்கை இருக்குப்பா, கதவுமேலதான் இல்ல" என்றாள். கதவைப் பூட்டியது யார் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

இப்போது காரை வாரம் ஒரு தடவை பாய் வந்து ஓட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரலாறு சொல்கிறேன். ட்ரனியனுக்கு அவர் ஆயில்தான் விடுகிறார். தரையில் ஒழுகுகிறது, மனைவி பாயைக் கேட்பதில்லை, என்னைக் கேட்கிறார். இடது கதவுக்காக டிங்கர் பெரியவர் ஆடி கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுபதிவுக்கு விண்ணப்பிக்கும் காகிதங்கள் தயார். கூரை காரில்தான் இருக்கிறது, அம்மா மாடிக்கு வேறு தகரம் கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு சாமான்தான் குறைகிறது. இடது கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடியாயிற்று. உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ இரண்டு கதவு ஹெரால்டின் கைப்பிடி ஒன்று கிடந்தால் தயவுசெய்து கொடுத்து உதவுங்கள். உரிய விலை தருகிறேன், கூடவே கொஞ்சம் வடகமும். பூட்டப்போவது பாய்தான், பயப்பட வேண்டாம்.